நாற்பத்தாறாம் வருஷக் கடிதம்

டாக்டர் இன்னும் இரண்டு நாள்தான் என்றார். அதைக் கேட்ட அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வெர்னா, எங்கப்பா நெஜமாவே ஓடித்தான் போனாராம்மா? பாத்துச் சொல்லு.”

எழுபத்தெட்டு வயதிலும் அதே கேள்வி. தாத்தா ரோலண்ட் ஐஸ்னர் 1943 டிசம்பரில், இத்தாலியில், சண்டைக்கு நடுவே காணாமல் போனவர். ராணுவக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் ‘படைக்குத் திரும்பவில்லை’ என்று ஒரே வரி. பயந்து ஓடிவிட்டான் என்று அவருடைய மீனவ ஊரான மார்லோ கோவ் முழுக்கப் பேச்சு. கடையில்கூட முகம் கொடுக்க ஆளில்லாமல், அவர் மனைவி நான்கு வயது மகனோடு ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்கு வந்துவிட்டாள். அந்த மகன்தான் என் அப்பா.

அன்றே மார்லோ கோவ் நூலகத்துக்கு ஓடினேன். ஊர் வாரப் பத்திரிகை முழுவதும் அங்கே மைக்ரோஃபிலிம் சுருள்களில் இருந்தது. மறுநாள் மதியம்வரை இரண்டு வருஷத்துப் பக்கங்களைப் பார்த்தும் ஒன்றுமில்லை.

“கண்ணு அவிஞ்சிரும்டி, எந்திரி,” என்றாள் நூலகர் டெல்ஃபின். “பனிப்புயல் வருது. மூடணும்.”

“உன் காலப் புடிக்கிறேன். இன்னும் ஒரே ஒரு சுருள்.”

“காலையெல்லாம் புடிக்காத, சனியனே. போடு.”

1946 மார்ச். மீன் விலைப் பட்டியலுக்குக் கீழே, வின்னிபெக்கிலிருந்து ஒருவர் எழுதிய கடிதம்.

‘காயப்பட்டுக் கிடந்த என்னைத் தூக்கிவர ஐஸ்னர் திரும்பி வந்தார். என்னைச் சுவருக்குப் பின்னால் கிடத்திவிட்டு அவர் நகர்ந்ததும் குண்டு விழுந்தது. அவர் உடலில் எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் மனைவி இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதவும்.’

டெல்ஃபின் நகலெடுத்துக் கொடுத்தாள். பனியில் இரண்டு முறை காரோடு சாலையை விட்டு வழுக்கி, ஒருவழியாக மருத்துவமனைக்கு வந்தேன். அப்பாவுக்கு இன்னும் சுயநினைவு இருந்தது. வாசித்தேன்.

“எப்ப வந்துச்சு இது?”

“நாப்பத்தாறு மார்ச்சுப்பா.”

“நாங்க ஊர விட்டுக் கெளம்பி ஆறு மாசம் கழிச்சு.” நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார். “ஊரே படிச்சிருக்கும்ல? ஒரு பயலுக்குக்கூடவா அம்மாவத் தேடிச் சொல்லணும்னு தோணல? அவ புருஷன் பேர வெளிய சொல்லாமயே செத்தாளே.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்து ஓடிவந்தவள் நான். அவர் “அம்மா, அம்மா” என்று குழந்தை மாதிரி அழுதார். கட்டிப்பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் போய்விட்டார். முகத்தில் நிம்மதி இருக்கிறது என்றாள் நர்ஸ். எனக்கு அப்படித் தெரியவில்லை.