பந்தியில் சொன்னது

ரசத்துக்காக உமாராணி சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இலையிலிருந்து பிச்சையா மாமா தன் வழக்கைச் சொல்ல ஆரம்பித்தார். சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண மண்டபம். சொந்தத்தில் ஒருவர் வக்கீலாகிவிட்டால் அவருக்குத் தனியாக ஆபீஸ் தேவையில்லை, பந்தியில் உட்கார்ந்த இடம்தான் ஆபீஸ். டாக்டர் என்றால் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். வக்கீல் என்றால் சாம்பாருக்குப் பங்காளியும் ரசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவள் ஏற்கெனவே ஒரு விவாகரத்தையும் ஒரு செக் கேஸையும் விசாரித்து முடித்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப் அடித்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு சட்டம் படித்தவள் அவள். அதுவரைக்கும் பந்தியில் அவளிடம் யாரும், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

பிச்சையா அவளுடைய தாய்மாமன். தூத்துக்குடியில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தவர், வக்கீலாகப் பதிவு செய்தபோது கருப்பு கவுன் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். சீர் செய்வதில் குறை வைக்காத மனிதர்.

"ஏளா உமா, நம்ம கடைய ஒட்டி ஒரு சந்து கெடக்குல்லா, பின்னால கிருபை வீட்டுக்குப் போற சந்து. அதுல ஷீட்டு போட்டு மூட்டை அடுக்கியிருக்கேன். ஆள் போக வர எடம் விட்டுத்தான் அடுக்கியிருக்கேன். இப்ப என்னடான்னா அவ மொத்தத்தையும் எடுங்கா. என்ன செய்யலாம்?"

"எத்தனை வருசமா மாமா வச்சிருக்கீய?"

"அது கெடக்கு, பதினாலு பதினஞ்சு வருசம்."

வக்கீலாகப் பதிவு செய்த பிறகு எழுத வேண்டிய பார் கவுன்சில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பாடம் அவளுடைய நாக்கு நுனியிலேயே நின்றது. இலையில் விரலால் கோடு போட்டு விளக்கினாள். "பன்னெண்டு வருசத்துக்கு மேல, எடத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சே, அவங்க தடுக்காம, நம்ம சொத்து மாதிரியே அனுபவிச்சிருந்தா அது நம்மளுதுன்னு பேசலாம் மாமா. ஆனா அவங்ககிட்ட கேட்டு வாங்கி வச்சிருந்தா பேச முடியாது. நூறு வருசமானாலும் முடியாது."

மாமா ரசத்தை உறிஞ்சி முடித்தார். "கேட்டுத்தாம்மா போட்டேன். அவ மாப்பிள்ளை ஆசீர்கிட்ட. மூட்டை மழையில நனையுதுப்பான்னேன், வச்சிக்கிடுங்க அண்ணாச்சின்னுட்டான்." இலையை வழிக்கப் போனவர் கையை நிறுத்தினார். "ஆனா அவன்தான் போய்ச் சேந்துட்டானே. நாங்க பேசுனது வேற யாருக்குத் தெரியும்?"

உமாராணி சிரித்தாள். பந்தியில் மாமன் ஒன்று சொன்னால் மருமகள் சிரிக்கத்தான் செய்வாள். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

அவள் ஜூனியராக இருந்தது அலர்மேல்மங்கையிடம். தென்திருப்பேரைப் பக்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, பேச்சில் அதைவிட மெல்லிய கேலி. உமாராணியைவிட வயதில் இளையவள், தொழிலில் மூத்தவள். அதனால் ஒருவரையொருவர் மேடம் என்றும் நீங்க என்றும் பேசிக்கொள்வதில் இருவருக்குமே வசதி இருந்தது. அடுத்த சிவில் கேஸ் ஒன்றை முழுக்க உமாராணியே நடத்தட்டும், பிராதிலிருந்து குறுக்கு விசாரணை வரைக்கும், என்று அலர்மேல்மங்கை சொல்லியிருந்தாள். இத்தனை நாள் வாய்தா வாங்கியே தேய்ந்த செருப்புக்கு அது பெரிய ஆறுதல்.

அந்தக் கேஸ் அடுத்த வாரமே மாடிப்படி ஏறி வந்தது. வந்தவள் ஒல்லியான, வெள்ளைப் புடவை கட்டாத விதவை. பேக்கரிகளுக்கு வீட்டிலிருந்தே மக்ரூன் போட்டுக் கொடுப்பவள். முந்திரியும் முட்டையும் சீனியும் கலந்த வாசனை அவள் கூடவே வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பெயர் கிருபை என்றாள். உமாராணி பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். அந்தப் பெயரை எழுதிய பிறகுதான் அது யார் என்று அவளுக்கு உறைத்தது.

"கோயம்புத்தூர்லேருந்து பெரிய அடுப்பு ஒண்ணு வாங்கிட்டேம்மா, கரண்டுல வேகுறது. சந்துக்குள்ள நுழைய மாட்டேங்கு. தெருவுல தார்ப்பாய் மூடி நிக்குது, உப்புக்காத்துல துரு ஏறுது. அண்ணாச்சி முதல்ல, எடுத்துருதேன் எடுத்துருதேன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. சாத்தாங்குளத்துல ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த பெறகு பேச்சே மாறிட்டு. பன்னெண்டு வருசம் தாண்டிட்டு, சட்டப்படி இது என் எடம்ங்காரு. யாரோ படிச்சவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க."

அலர்மேல்மங்கை பத்திரங்களைப் புரட்டினாள். சந்து கிருபையுடையதுதான், அதில் சந்தேகமில்லை. "உங்க வீட்டுக்காரர் சம்மதம் குடுத்துத்தான் அவர் மூட்டை அடுக்கினாரா?"

"அப்படித்தாம்மா இருக்கும். அவரு யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு. ஆனா நான் அப்பம் பிரசவத்துக்குத் தருவைகுளத்துல எங்கம்மா வீட்ல இருந்தேன். காதால கேக்கலியே."

"அது ஒண்ணு கிடைச்சா போதும். கேட்டு வாங்கினார்னு ஆயிடுத்துன்னா கேஸ் அங்கேயே முடிஞ்சது." உமாராணியைக் கை காட்டினாள். "இவங்கதான் உங்க கேஸை நடத்தப் போறாங்க. நல்லா எழுதுவாங்க."

கிருபை அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். உமாராணி குனிந்து, ஏற்கெனவே எழுதியிருந்த பெயருக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தேர்வு வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்தாள். தொழில் ஒழுக்கம் என்கிற அத்தியாயத்தை எல்லாரும் தேர்வுக்கு முந்தின நாள்தான் புரட்டுவார்கள். சுலபமாக மார்க் வருகிற பகுதி என்று பெயர். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் மறுதரப்புக்கு நிற்கக் கூடாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விடக் கூடாது. இரண்டுக்கும் அடியில் அவளே பச்சை மையில் கோடு போட்டிருந்தாள். ஆனால் பிச்சையா மாமா கட்சிக்காரரா? வக்காலத்து இல்லை, ஆபீஸ் இல்லை, இருந்ததெல்லாம் கறிவேப்பிலை ஒதுக்கிய ஒரு வாழை இலை. இலையில் கை வைத்துக்கொண்டு சொன்னதெல்லாம் ஆலோசனை என்றால் இந்த ஜில்லாவில் ஒரு வக்கீலும் கல்யாணத்துக்குப் போக முடியாது. இப்படியும் யோசித்துப் பார்த்தாள். ஆனால் மாமா அவளிடம் கேட்டது மருமகள் என்பதற்காக அல்ல. சட்டம் தெரியும் என்பதற்காகக் கேட்டார், அவளும் சட்டத்தைத்தான் சொன்னாள். அதுவும் சரியாக, ஒரு பிசகு இல்லாமல். எதை மறைத்தால் ஜெயிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சௌக்கியமாக இருந்தது, கெட்டது கிருபை.

அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்த அடுப்பு வீட்டுக்குள் போய்விடும். நியாயம் அந்தப் பக்கம்தான் இருந்தது, அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் சொன்னால், தன்னை நம்பிச் சொன்னவரின் பேச்சை எடுத்து அவருக்கு எதிராகவே நிறுத்துகிற வக்கீலாக ஆவாள். முதல் கேஸிலேயே. நியாயத்துக்காகத்தான் செய்தேன் என்று அப்படிச் செய்கிற எல்லாரும்தான் சொல்வார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பந்தியில் சிரித்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது.

மறுநாள் காலையில் அலர்மேல்மங்கை வந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். "மேடம், அந்தச் சந்து கேஸ்ல நான் இருக்க முடியாது."

"எதிர்த்தரப்பு சொந்தமா?"

"தாய்மாமா. ஆனா அதனால மட்டும் இல்ல."

அலர்மேல்மங்கை கைப்பையைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட பேசினாரா?"

"பேசினாரு."

"நீங்களும் ஏதோ சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

"சரி. அவர் என்ன சொன்னார்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியவே வேண்டாம்." பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க வச்சு?"

"கல்யாணப் பந்தியில."

"சாம்பாருக்கா, ரசத்துக்கா?"

"ரசத்துக்கு."

அலர்மேல்மங்கை சிரிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "நீங்க விலகிட்டு நான் நடத்தலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம். நான் குறுக்கு விசாரணைக்குக் கேள்வி எழுதறப்போ உங்க மூஞ்சியைப் பார்ப்பேன். எது சரியான கேள்வின்னு உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"அந்தம்மா பாவம் மேடம்."

"பாவம்தான்," என்றாள் அலர்மேல்மங்கை. பத்திரங்களை எடுத்து அடுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

கிருபை வந்து பத்திரங்களை வாங்கிக்கொண்டாள். இந்தக் கேஸை எங்களால் எடுக்க முடியாத சூழ்நிலை, காரணம் சொல்ல முடியாது, உங்கள்மேல் குறை எதுவும் இல்லை என்று அலர்மேல்மங்கை நிதானமாகச் சொன்னாள். எல்லாம் முறைப்படி இருந்தது. கிருபை தலையாட்டினாள். மாடிப்படியில் உமாராணி பின்னாலேயே இறங்கி வந்தபோது திரும்பிக் கேட்டாள்.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டனாம்மா?"

"இல்லம்மா."

"நீங்க நடத்துவீங்கன்னு அவங்க சொன்னதும் நேத்து நல்லா தூங்குனேன்."

கூண்டில் அண்ணாச்சியை ஏற்றி, ஆசீரிடம் கேட்டுத்தானே மூட்டை அடுக்கினீர்கள் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள், பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவக்கும். அந்த வாக்கியம் முழுதாக, நிறுத்தக்குறியோடு, உமாராணியின் தொண்டைக்கு வந்து நின்றது. "நல்ல வக்கீலாப் பாருங்கம்மா, சீக்கிரம் பாருங்க," என்றாள். கிருபை மஞ்சள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

ஊர் வாய்க்கு மூடி ஏது. அந்த வக்கீலம்மாவும் முடியாது என்றுவிட்டார்கள் என்று கிருபை தெருவில் யாரிடமோ புலம்பியது, கருப்பட்டிக் கடை கல்லாவுக்குக் கேட்டிருக்கிறது. எந்த வக்கீல், அங்கே ஜூனியர் யார் என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க மாமாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. முதலில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "மாமனுக்கு எதிரா கோர்ட்டுல நிக்க மாட்டேன்னுட்டியாமே. உன் மாமன் கண்ணு கலங்கிட்டான்ளா. ரத்தம் சும்மா இருக்குமா?" அதுக்கில்லம்மா என்று ஆரம்பித்த உமாராணியால் மேலே போக முடியவில்லை. எதற்காக என்று சொன்னால் மாமா சொன்னதையும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் எல்லாரும் அவளைப் பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பெருமை நச்சரிப்பு மாதிரி நாலு நாள் கூடவே இருந்தது. அப்புறம் மாமா கடையிலிருந்து ஒரு ஓலைப்பெட்டி வந்தது. நிறையக் கருப்பட்டி, மேலே சுக்கும் ஏலமும் போட்ட ரகம், கல்யாணச் சீருக்குக் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவளே போனாள். கோர்ட் முடிந்த நேரம், உடுப்பைக்கூட மாற்றவில்லை. பின்தெருவில் ஒரு பக்கம் மூட்டை இறக்குகிற லோடு ஆட்டோ, மறுபக்கம் நீலத் தார்ப்பாய் போர்த்திய அடுப்பு. நினைத்ததைவிடப் பெரிதாக, ஆள் உயரத்துக்கு இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த கால்களில் துரு ஏறியிருந்தது. அதன் மறைவில் கிருபை குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கதவுக் கீலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை உமாராணி தாண்டிப் போகும்போது கவனிக்கவில்லை.

"வாளா, வா வா. ஏன் வெயில்ல வாரே?" மாமா கல்லாவிலிருந்தே எழுந்துவிட்டார்.

அவள் பெட்டியைப் பலகைமேல் வைத்தாள். "மாமா, இத நான் வாங்கக் கூடாது."

"மாமன் மருமவளுக்குக் குடுக்கத எந்தச் சட்டம்ளா தடுக்கும்?"

"நான் உங்களுக்காகச் செய்யல மாமா. நெசமாத்தான் சொல்லுதேன். நீங்க அந்தம்மாவுக்கு எடத்த விட்டுருங்க."

மாமா அவளைச் சந்தோஷமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வக்கீலு அப்படித்தான் பேசணும்," என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் ஒரு வியாபாரி வந்து உடன்குடிச் சரக்கு எப்போது வரும் என்று கேட்க, அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

உமாராணி பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். லோடு ஆட்டோ பக்கம் வருவதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ஏளா உமா, பெட்டிய வச்சிட்டுப் போறியே." ஓடி வந்து அவள் கையில் திணித்தார். "எங்க அக்கா பிள்ளை," என்றார் ஆட்டோக்காரனிடம். "வக்கீலு." பிறகு கல்லாவில் ஆள் நிற்பது ஞாபகம் வந்து திரும்பிப் போய்விட்டார்.

அடுப்புக்குப் பக்கத்தில் கிருபை எழுந்து நின்றிருந்தாள். எண்ணெய்த் துணி கையில் இருந்தது. ஓலைப்பெட்டியைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். அப்புறம் கருப்புக் கோட்டையும், அதற்கு மேலே இருந்த முகத்தையும் பார்த்தாள். சாத்தான்குளம் கல்யாணத்தில் சொல்லிக் கொடுத்தது யார் என்பது அந்த முகத்தில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தாலும் உமாராணியிடம் சொல்வதற்கு அனுமதியுள்ள வார்த்தை ஒன்றும் இல்லை.

ஆட்டோவுக்கும் அடுப்புக்கும் நடுவில் தார்ப்பாய் காற்றில் உப்பி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கிருபை அதை இரண்டு கையாலும் இழுத்து அடுப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ஓர் ஆள் போக இடம் விட்டு.

"போங்கம்மா," என்றாள்.