ஏணிக் காலுக்கு ஒரு அட்டை

பெயிண்டர் ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை. சுவருக்குப் பட்டி பூசித் தேய்ப்பது, பெயிண்ட் கலக்கிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். ஆனாலும் யாராவது கேட்டால் "ஏணி பிடிக்கிறேன்" என்றுதான் சொல்வாள். அந்தப் பிடியில்தான் குடும்பமே நிற்கிறது என்பது அவள் எண்ணம். அதில் தப்பும் இல்லை.

கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் ஈரல் கெட்டு இறந்துபோனதிலிருந்து பெயிண்டருக்கு நிம்மதி போயிற்று. இத்தனை வருஷம் மோந்த பெயிண்ட் தன் உடம்பிலும் விஷமாகத் தேங்கியிருக்கும் என்ற நினைப்பு அவரை அரித்தது. அவள் தம்பி சும்மா இருந்தானா? செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வாரம் முழுக்க வெறும் காய்ச்சாறு குடித்தால் நச்செல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும்தான் சாப்பாட்டு டப்பா. அவருக்குப் பச்சையாக ஒரு பாட்டில்.

"உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று தினமும் கேட்பாள்.

"லேசா இருக்கு."

நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்று ஒரு மாடி வீட்டுக் கூடத்தில் வேலை. கூரையை ஒட்டிய ஓரத்தில் அவர் பூசிக்கொண்டிருந்தபோது ஏணி கடகடவென்று ஆடியது. தரை சமமில்லை போலிருக்கிறது என்று அட்டையை மடித்து ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்தாள். ஆட்டம் நிற்கவில்லை. இன்னொரு காலுக்கும் வைத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். ஆடியது ஏணி இல்லை, அவருடைய கெண்டைக்கால்.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல... தலைதான் லேசா..."

உடம்பு லேசாகிவிட்டது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்!

"பிரஷ்ஷைப் போடுங்க. மெதுவா இறங்குங்க. நான் பிடிச்சிருக்கேன்."

பிரஷ் அவள் தோளுக்கு வெள்ளையடித்துவிட்டுத் தரையில் விழுந்தது. அவர் ஒருவழியாக இறங்கிச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். அவள் தன் டப்பாவைத் திறந்து வைத்தாள். சோறு, பயறு, கீரை, ஒரு முட்டை.

"வேணாம்டி. பாதியில விட்டா எல்லாம் வீணாப் போயிடும்."

"மாஸ்க் உங்க பையில தூங்குது. இந்தச் சாறுக்கு முன்னாடியெல்லாம் பெயிண்ட் கையாலேயே பன்னைப் பிச்சுத் தின்பீங்க. மத்தியானச் சாப்பாடு சாயங்காலம். விஷம் வர்ற வழியைத் திறந்து வெச்சுக்கிட்டு உள்ள என்னத்தைக் கழுவுறீங்க? கழுவுறதுக்குத்தான் ஈரலும் கிட்னியும் இருக்குன்னு அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்கல்ல? அதுங்களுக்கு வேளைக்குச் சோறு போட வேணாமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பெரியவரை மாதிரி நானும் போயிடுவேனோன்னு பயமா இருக்குடி."

அவளுக்கும் அதே பயம்தான். ஒரு டப்பா சோற்றில் அது தீராது என்றும் தெரியும். சோப்புப் போட்டு அவர் கையை அவளே கழுவிவிட்டாள். நகக்கண்ணில் இருந்த வெள்ளை மட்டும் போகவில்லை. மெல்ல மெல்ல டப்பா காலியானது. கொஞ்ச நேரம் படுத்து எழுந்தார், முகத்தில் களை வந்தது.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. மாஸ்க்கை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். கால் உறுதியாகத்தான் இருந்தது.

"ஏணி இன்னும் ஆடுது பாரு. ஒரு அட்டை வை" என்றார் மேலிருந்து.

அட்டை இரண்டு காலுக்கும் இருந்தது. ஆடியது அவள் கை.

"வெச்சுட்டேங்க" என்றாள்.