ஃபுங் முதலாளியின் கொள்ளை லாபம்

ஜப்பான்காரன் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவதற்கு முந்தைய வருஷம் அது. ஐரோப்பாவில் நடக்கும் சண்டைக்காக, சம்பாதிப்பதில் பங்கு கொடுங்கள் என்று வெள்ளைக்காரர்கள் ஹாங்காங்கில் போர் வரி போட்டார்கள். மறுநாளே எங்கள் தெருவில் பணக்காரனே இல்லாமல் போனான். காலையில் தேநீர்க்கடையில் பறவைக்கூண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதலாளியும் பஞ்சப்பாட்டு பாடுவார். அந்தப் பாட்டை இன்னொருமுறை கேட்க மாட்டோமா என்று இப்போது ஏங்குகிறேன்.

என் அப்பா ஃபுங் கருவாட்டு வியாபாரி. அவர்தான் உரக்கப் பாடுவார்.

"கடையில ஈ ஓட்டுறேன்யா. கான்டனை ஜப்பான்காரன் புடிச்சதுலேர்ந்து சரக்கே வரல."

"நடிப்புன்னா இவன் நடிப்புதான்யா!" என்று கடையே சிரிக்கும்.

சிரிக்காதவர் ஒருவர், மருந்துக்கடை குவோக். அவருடைய இரண்டாவது மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். என்னைப் பார்த்தால் அவன் மருந்து நிறுப்பதில் கோட்டைவிடுவான். கட்டினால் அவனைத்தான் என்றிருந்தேன்.

ஒருநாள் தரகர் அம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நொடிச்சுப்போற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம்."

நான் அழுத அழுகையில் அடுத்த வீடு எட்டிப்பார்த்தது. ஒரு வாரம் கழித்து அப்பா நல்ல அங்கியை மாட்டிக்கொண்டு வரி ஆபீசுக்குப் போனார். அங்கிருந்து நேராகத் தேநீர்க்கடை.

"வரி கட்டிட்டு வரேன். கொள்ளை லாபம், என்னய்யா பண்றது!" என்றார், குவோக் காதில் விழும்படி.

"உனக்கென்ன கிறுக்கா? எங்களையும்ல மாட்டிவிடுற!" என்று கூட்டாளிகள் பாய்ந்தார்கள். தரகர் அம்மாளோ அன்று மாலையே வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

கல்யாணமான மூன்றாம் நாள், முறைப்படி சுட்ட பன்றியோடு பிறந்த வீட்டுக்குப் போனேன். அம்மா கையில் பச்சைக்கல் வளையலைக் காணோம்.

"வரி கட்ட வித்தாச்சு. உங்கப்பா நடிக்கலடி. கடையில நெசமாவே நஷ்டம்தான்."

அப்பா பக்கம் திரும்பினேன். அவர் பன்றித்தோலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லாத லாபத்துக்கா வரி கட்டினீங்க?"

"மெதுவாப் பேசு. தொரைக்குத் தெரிஞ்சா பணத்தத் திருப்பிக் குடுத்துறப் போறான்."