எந்தத் தண்ணி?

கேட்காமல் கொடுக்கிறவர்களை அன்பரசி நம்புவதில்லை. சின்னாங்கரை பேரூராட்சியின் கடைசி வார்டு பள்ளத்தெரு. அந்தத் தெருவுக்குக் கேட்காமல் எதுவும் வந்ததில்லை. தெருவிளக்குக்கு மறியல், ரேஷன் கடைக்கு மறியல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருமுனைக்கு வருவதற்குள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸை எத்தனையோ தடவை மறித்து, வெறுங்குடத்தோடு தார் ரோட்டில் உட்கார்ந்து, போலீஸ் வேனிலும் ஏறி இறங்கியாயிற்று. குழாய் வந்தது. தண்ணீர் அதற்கு இஷ்டப்பட்ட நாளில் வரும்.

அப்படிப்பட்ட தெருவுக்குள் மெம்பர் மணிமேகலை தானாக நடந்து வந்து, வாசலுக்கு வாசல் நின்று, "ஞாயித்துக்கெழம மாரியம்மன் கோயில் மண்டபத்துல பகுதி சபா. எல்லாரும் வந்துருங்க. நம்ம வார்டுக்கு நல்ல சேதி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டுக் கேட்டு வந்த பிறகு மெம்பர் அந்தப் பக்கம் தலைகாட்டியது அதுதான் முதல் தடவை. கலவை மெஷினுக்கு ஜல்லி சுமந்து சுமந்து காய்த்துப்போன உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே அன்பரசி அவள் போவதைப் பார்த்தாள். 'எதையோ எடுக்கத்தான் வந்திருக்கிறாள்' என்று நினைத்தாள்.

பள்ளத்தெருவில் எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன இருக்கிறது? ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே, புறம்போக்கில், அடிபம்பு வைத்த ஒரு போர்.

சுற்றுவட்டாரத்தில் எங்கே துளை போட்டாலும் ஒரே தண்ணீர்தான். குடித்தால் பல்லில் காவி ஏறும். நாற்பது தாண்டினால் முட்டி மடங்காது. உலையில் ஊற்றினால் பருப்பு கல்லாகவே கிடக்கும். அந்த ஒரு போரில் மட்டும் பருப்பு வெண்ணெயாகக் குழையும். அதனால் அதற்குப் 'பருப்பு போரு' என்றே பெயர். எப்போதோ ஒரு தேர்தலில் ஓட்டுக்காக ஒருத்தர் போட்டுக் கொடுத்தது. அவர் தோற்றுப்போனார், ஊரைவிட்டே போய்விட்டார். தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் சோறு வடிப்பதற்கும் டீக்கடைக்கும் அந்தத் தண்ணீர்தான். அதில் வளர்ந்ததால்தான் அன்பரசியின் மகள் கலைமதிக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சேர் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வடை, ஒரு காபி. ஊருக்குக் குடிநீர், சாக்கடை, குப்பை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிற கம்பெனியிலிருந்து நவநீதன் என்று ஓர் இளம் என்ஜினீயர் வந்திருந்தான். சுவரில் படம் காட்டினான். நீலக்கோடு, சிவப்புக்கோடு, நடுவில் ஒரு பச்சைக் கட்டம். நிதி மூன்று இடத்திலிருந்து வருகிறது, இடத்தை உறுதி செய்தால்தான் முதல் தவணை கிடைக்கும் என்றான். அவன் பேசியதில் பாதி ஆங்கிலம். மீதி யாருக்கும் கேட்கவில்லை.

மணிமேகலை மைக்கை வாங்கினாள்.

"அண்ணாங்களா, அக்காங்களா! சுருக்கமா சொல்லிர்றன். மத்த வார்டெல்லாம் எங்களுக்குக் குடுங்க எங்களுக்குக் குடுங்கன்னு நிக்கறாங்க. நான் சண்ட போட்டு நம்ம வார்டுக்கு வாங்கியாந்திருக்கறன். ஏரிக்கரைக்குக் கீழ இருக்கற புறம்போக்குல, கோடிக்கணக்குல செலவு பண்ணி, சுத்திகரிப்பு நிலையம் வருது!"

கைதட்டல் கூரையைத் தூக்கிற்று. தட்டாமல் என்ன செய்வார்கள்? அந்தப் பக்கத்தில் சுத்திகரிப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் கேனில் நல்ல தண்ணீர் விழுகிறதே, அந்த ரூமுக்கு மேலே எழுதியிருக்கிற வார்த்தை அது. பல்லில் காவி ஏறிய தெருவுக்கு அந்த வார்த்தை சாமி வாக்கு மாதிரி.

"கைதட்டிட்டீங்க, தீர்மானம் ஏகமனதா நெறவேறிருச்சு" என்றாள் மணிமேகலை. சின்னாங்கரையில் தீர்மானம் அப்படித்தான் நிறைவேறும்.

அன்பரசி கைதட்டவில்லை. எழுந்தாள்.

"மெம்பரே, எந்தத் தண்ணிய சுத்தம் பண்ற நெலையம்?"

"தண்ணியத்தாங்க்கா. பின்ன மண்ணையா சுத்தம் பண்ணுவாங்க?"

மண்டபமே சிரித்தது. நவநீதன் மட்டும் குனிந்து செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்பரசி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் அவள் புருஷன் சென்னப்பனும் சிரிக்கவில்லை. வடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தான்.

சென்னப்பன் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவன். ஊரில் அதற்கு 'சென்ட் வண்டி' என்று பெயர். லாரிக்குச் சொந்தக்காரர் கிருஷ்ணப்பன், மணிமேகலை புருஷனின் அண்ணன். ஊர் வீடுகளில் உறிஞ்சியதைத் தொப்பூர்ப் பக்கம் ஏதாவது ஓடையில் திறந்துவிட்டு, யாராவது பார்ப்பதற்குள் ஓடிவர வேண்டும். ஒரு தடவை கல்லெறிந்து முன்கண்ணாடியை உடைத்தே விட்டார்கள்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அவள் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே பேசினான். மனசு உறுத்துகிறவன் சும்மா இருக்க முடியாமல் எதையாவது பேசத்தானே செய்வான்.

"ஓனரு நல்ல மூடுல இருக்காரு. இனிமே டீசலு மிச்சம்கறாரு."

அன்பரசியின் கரண்டி நின்றது.

"எப்பிடி மிச்சம்?"

"எப்பிடின்னா... மிச்சம்தான்."

"லாரி தண்ணியிலயா ஓடும் இனிமேலு? சொல்லுய்யா. தொப்பூருக்குப் போவாம எங்க போயி ஊத்துவ?"

சென்னப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த சோறு கூழாயிற்று.

"உனக்குத் தெரியும்" என்றாள் அவள். "மண்டபத்துக்கு வர்றதுக்கு முன்னாலயே தெரியும்."

"ஏ புள்ள, ஊரே பேளுது. அத எங்கயாச்சும் கொண்டுபோயித்தான ஆவணும்? காட்டுல ஊத்துனா கல்லால அடிக்கறானுங்க. இங்க மிஷினு போட்டு சுத்தம் பண்ணித்தான் வெளிய விடுவாங்களாம். ஒரு வகையில நல்லதுதான்."

"பருப்பு போருக்குப் பக்கத்துலயா நல்லது?"

"நான் வாயத் தொறந்தா வேல போயிரும், அன்பு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பதினெட்டு வருஷம் கூடப் படுத்தவன். எதையெல்லாம் தெரிந்துகொண்டு இப்படிச் சோறு பிசைந்திருப்பானோ என்ற நினைப்பு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திற்று.

மறுநாள் தெருவில் சொல்லிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. டீக்கடை மாதையன் வாய்விட்டே சிரித்தார்.

"உம் புருசன் பீ வண்டி ஓட்டறான். அதனால உனக்குப் பாக்கறதெல்லாம் பீயாத் தெரியுது."

"மாமா, வெளையாடாதீங்க. நெசமாத்தான் சொல்றன்."

"நெசம்னா உம் புருசன வந்து சொல்லச் சொல்லு. அவன் சொன்னா நான் நம்பறன். நீ மெம்பரு மேல பொறாமையில பேசற."

"என்னாத்துக்குப் பொறாம? அவளாட்டம் எனக்குச் சிரிக்க வராதுன்னா?"

தெருவே அப்படித்தான் சொல்லிற்று. கேட்காமல் வந்ததை ஏன் கெடுக்கிறாய் என்று சோபனாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அன்பரசியோடு ஒரே செட்டில் கல் சுமக்கிறவள்.

இடத்தை அளந்து குத்துக்கல் நடுகிற நாள் வந்தது. காலையில் லாரி சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த சென்னப்பனிடம் அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "கல்லு நடறப்ப நான் அங்கதான் நிப்பன். வந்தா வா. வராட்டி, வரலன்னு நான் தெரிஞ்சுக்கறன்." அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வரமாட்டான் என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

புறம்போக்கில் திருவிழா மாதிரி கூட்டம். மாதையன் பெரிய தூக்கில் டீ கொண்டுவந்து மெம்பருக்கும் என்ஜினீயருக்கும் முதலில் ஊற்றிக் கொடுத்தார். ஆட்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கல் பருப்பு போருக்கு ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் இறங்கிற்று.

"சார், இது என்னா நெலையம்? முழுப்பேரச் சொல்லுங்க" என்றாள் அன்பரசி.

நவநீதன் மணிமேகலையைப் பார்த்தான். "எஸ்.டி.பி.ங்க" என்றான்.

"எஸ்.டி.பி.யா? அந்தக் காலத்துல பஸ் ஸ்டாண்டுல போன் பேசுவமே, அதுவா?" என்றார் மாதையன். கூட்டம் சிரித்தது. மணிமேகலையும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏரிக்கரை மேல் சென்ட் வண்டி வந்து நின்றது. உள்ளே சரக்கு இருந்தது. காற்று கீழே இறங்கியதும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். சென்னப்பன் இறங்கி வந்தான். வருகிற வழியிலேயே அவன் பையில் போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

அன்பரசி கேட்டாள்.

"யோவ், இந்த நெலையம் கட்டி முடிச்சா உன் லாரி எங்க போயி ஊத்தும்?"

"சென்னப்பண்ணா, வண்டிய எடுங்க. கிருஷ்ணப்பன் மாமா தேடறாரு" என்றாள் மணிமேகலை அவசரமாக.

சென்னப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். மெம்பரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். மாதையனைப் பார்த்துத்தான் பேசினான்.

"இங்கதாங்க மாமா ஊத்தும். என் லாரி மட்டும் இல்ல. ஊரு சாக்கடை மொத்தமும் பைப்புல இங்கதான் வருது. கழிவுநீர் சுத்திகரிப்பு நெலையம். மெம்பரு மொதல் சொல்ல முழுங்கிட்டாங்க."

பிறகு பேசாதவர்களே இல்லை. ஒருத்தன் பிடுங்கப் போன கல்லை இன்னொருத்தன் தடுத்தான். சோபனா மண்ணை வாரித் தூற்றினாள். நவநீதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "கேளுங்க, கேளுங்க" என்று கத்தினான்.

"இப்பவும் ஊரு சாக்கடை ஓடையில வந்து உங்க ஏரியிலதான் கலக்குதுங்க. நிலையம் வந்தா சுத்தமாகித்தான் வரும். இதுதான் ஊரிலேயே பள்ளமான இடம். மேட்டுல வச்சா பம்ப் வைக்கணும், கரன்ட் பில் கட்ட பேரூராட்சியால முடியாது. அதுக்கு நிதியும் கிடையாதுங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை என்பது அன்பரசிக்குப் பட்டது. அதுதான் அவளை இன்னும் உஷாராக்கிற்று.

"சரிங்க சார். பைப்பு எங்க தெருவுக்கும் உண்டுல்ல? எங்க வூட்டுக் கக்கூசுத் தண்ணியும் அதுல போவும்ல?"

நவநீதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "பள்ளத்தெரு ரெண்டாம் கட்டத்துல வருதுங்க. நிதி வர்றதைப் பொறுத்து."

"அப்ப ஊரு கக்கூசு மொதக் கட்டம், எங்க கக்கூசு ரெண்டாம் கட்டமா? ஊரான் பீயி இங்க வர வழியிருக்கு, எங்க பீயி போவ வழியில்லையா சார்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் மாதையன். அவருடைய குரல் மாறியிருந்தது. "இந்த போரு என்னா ஆவும்?"

"எந்த போர்?"

"தோ, உங்க கண்ணு முன்னால நிக்குதே!"

நவநீதன் பையிலிருந்து படத்தை விரித்தான். ஏரி இருந்தது, ஓடை இருந்தது. போர் இல்லை. "எனக்குக் கொடுத்த மேப்ல இங்க குடிநீர் ஆதாரமே கிடையாதுங்க" என்றான். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இருந்தா நாங்க இந்த இடத்தைச் சொல்லியிருக்கவே மாட்டோம்."

"அது கெட்டுப்போன போருங்க சார். யாரும் குடிக்கறதில்ல" என்றாள் மணிமேகலை.

"மெம்பரே," என்றாள் அன்பரசி, "உங்க கையில இருக்கற டீ எந்தத் தண்ணியில போட்டது?"

மணிமேகலை கிளாஸைப் பார்த்தாள். பாதி குடித்திருந்தாள்.

நவநீதன் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தவன் போலப் பேசினான். குடிக்கிற தண்ணீர் என்று தர்மபுரி ஆய்வகத்தில் ரிப்போர்ட் வாங்கிவிட்டால் போரை மேப்பில் ஏற்றியாக வேண்டும். ஏற்றிவிட்டால் நிலையத்தை ஏரியின் அந்தக் கோடிக்குத் தள்ளச் சொல்லி அவனே எழுதுவான். தள்ளுவார்களா என்பது மேலே இருக்கிறவர்கள் கையில். சொல்லிவிட்டு ஜீப்பிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து, அடித்துக் கழுவி, போரில் தண்ணீர் பிடித்து மூடினான். "எங்க ஆள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துருவாருங்க."

"சாயங்காலம் வரைக்கும் பாட்டிலு எங்க இருக்கும்?"

"ஜீப்லதாங்க."

"ஜீப்பு எங்க நிக்கும்?"

"பேரூராட்சி ஆபீஸ்ல."

அன்பரசி பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம். "தண்ணி மாறிப்போவும் சார். நான் கொண்டாறன். இப்பவே போலாம்."

"அக்கா, என்மேல சந்தேகமா?"

"உங்க மேல மட்டும் இல்லீங்க."

அதற்குள் மணிமேகலை தன் போனைச் சென்னப்பனிடம் நீட்டியிருந்தாள். அந்தப் பக்கம் கிருஷ்ணப்பன் பேசியது பத்தடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. சென்னப்பன், "சரிங்க... சரிங்க" என்று மட்டும் சொன்னான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது லாரி சாவியையும் அதன்மேல் வைத்துக் கொடுத்தான்.

"வண்டி லோடோட நிக்குதே, யாரு எடுப்பாங்க?" என்றாள் அவள்.

"உங்க மாமாவயே வந்து ஓட்டச் சொல்லுங்க" என்றான்.

அவன் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றான். உடம்பெல்லாம் லாரி வாசனை. "ஜல்லி வேலய விட்டுட்டு நீ ஏன் அலையற? எங்கிட்டக் குடு, நான் கொண்டுபோறன். எனக்கு இனிமே வேல ஒண்ணும் இல்லல்ல."

அன்பரசி அவன் முகத்தைப் பார்த்தாள். வேலையைத் தூக்கிக் கொடுத்தவன்தான். எல்லாம் தெரிந்தும் அத்தனை நாள் வாயை மூடியிருந்தவனும் அவன்தான். இரண்டும் ஒரே முகத்தில்தான் இருந்தன.

"நீயும் ஏறு, வா" என்றாள். "பாட்டிலு எங்கிட்டயே இருக்கட்டும்."

அவன் பின்னால் ஏறினான். அவள் நவநீதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் நிறுத்தி, முந்தானையால் சுற்றிக்கொண்டாள். ஜீப் ஏரிக்கரையில் குலுங்கி ஏறியபோது மூடியை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாள்.