நாற்பத்தைந்தாம் எண் செருப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ராதிவோய் வீட்டுச் செருப்பை வழக்கம்போல உதறினான். ஒன்று கதவோரம் விழுந்தது, மற்றது குடைக்கூடைக்குள். எட்டு வயது மகள் நேதா இரண்டையும் பொறுக்கி, நுனி வாசலைப் பார்க்கும்படி ஒட்டி வைத்தாள்.

"கலைக்கிறது என் வேலை, அடுக்குறது மேடம் வேலை," என்று மகளைக் காட்டி மனைவி ஸோரிட்சாவிடம் சொல்லிவிட்டுப் போனான். பத்தரை மணிக்குப் பணிமனையில் அவன் இதயம் நின்றது.

நாலு மாதம் கழித்து நேதாவை மதிப்பிடக் கல்வி ஆணையத்திலிருந்து இருவர் வந்தார்கள். உளவியலாளர் வுகாஷின், சிறப்பாசிரியை ஒல்கிட்சா. ஆட்டிசம் உள்ள பிள்ளை தானாக என்னென்ன செய்கிறது என்று கட்டம் கட்டமாகக் குறிப்பார்கள். தேறினால் தெருமுனைப் பள்ளிக்கூடம், கூட ஒரு துணையாள். தேறாவிட்டால் நூறு கிலோமீட்டர் தள்ளி விடுதிப் பள்ளி. அவளும் போய்விட்டால் ஸோரிட்சாவுக்கு வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான்.

செர்பிய வீட்டு வாசலில் ஒரு நாடகம் உண்டு. விருந்தாளி குனிவார். வீட்டுக்காரி "கழட்ட வேணாம்" என்பாள். அவர் கேட்காமல் கழற்றுவார். ஸோரிட்சா பயத்தில் அதை ஆறு தடவை, கிட்டத்தட்ட அதட்டலாகவே சொல்லிவிட்டாள். மிரண்டுபோன இருவரும் ஷூவோடு வந்து உட்கார்ந்தார்கள்.

நேதா அந்த நாலு ஷூக்களைப் பார்த்தாள். பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. படங்கள், கட்டைகள், பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் 'இல்லை' விழுந்தது. கடைசியாக ஒல்கிட்சா மரத்தில் செதுக்கிய ஷூ ஒன்றை நீட்டினாள்.

"இதுக்குக் கயிறு கட்டு பாப்போம், கண்ணு."

நேதா உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். "கால் இல்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்கடியில் போய்விட்டாள்.

"எழுதுங்க," என்றார் வுகாஷின். "கயிறு அவிழ்த்துக் கட்டுதல், இல்லை."

காபித் தட்டோடு வந்த ஸோரிட்சா மேசைக்கடியில் நடப்பதைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். கிண்ணங்கள் கிடுகிடுவென ஆடின.

"அழாதீங்கம்மா," என்றாள் ஒல்கிட்சா.

"அழல," என்று சொல்வதற்குள் நாலு மாதமாகக் காணாமல்போயிருந்த சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

வுகாஷின் பதறி எழுந்தார். தரையில் சளப்பென்று சத்தம். அவர் காலில் ராதிவோயின் செருப்பு, படகு மாதிரி. ஒல்கிட்சா காலில் ஸோரிட்சாவின் குஞ்சம் வைத்த செருப்பு.

"கீழ ஏதோ உரசுச்சு. பூனைன்னு விட்டுட்டேன்."

"எங்க வீட்ல பூனை இல்ல, டாக்டர்."

"உங்க காலுறையில கட்டைவிரல் எட்டிப் பாக்குதே, டாக்டர்," என்றாள் ஒல்கிட்சா. "உங்க வீட்டம்மா என்னிக்காவது ஷூவை இப்படிக் கழட்டி விட்டிருக்காங்களா?"

"அவளா? தூக்கி எறிவா."

நேதா ஓசையில்லாமல் கழற்றிக் கொண்டுபோய் வைத்த நாலு ஷூக்களும் வாசலில் அளவுவாரியாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் பூமுடிச்சு, எட்டுக் காதுகளும் ஒரே நீளம்.

"அடுத்தவங்க காலுக்குன்னு கட்டமே இல்லையே," என்றாள் ஒல்கிட்சா.

"ஓரத்துல எழுதுங்க. தானாக, நாலு கால்." வுகாஷின் அவள் கையிலிருந்து முந்தைய பக்கங்களையும் பிடுங்கினார். "காபி ஆறட்டும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாப்போம்."

இந்தத் தடவை நேதா பொத்தானும் போட்டாள், படமும் அடுக்கினாள், காபியோடு விருந்தாளிகளுக்கு வைத்த செர்ரிப் பழப்பாகை அவர்கள் தொடும் முன் தானே தின்றும் முடித்தாள்.

செப்டம்பரில் தெருமுனைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். போகும்போது தினமும் வாசலில் ஒரு நொடி நிற்பாள். அப்பாவின் நாற்பத்தைந்தாம் எண் செருப்பு, குதிகால் நசுங்கி, நுனி வாசலைப் பார்த்தபடி ஒட்டி இருக்கும்.