ஐஸ் ஹொக்கியும் பாலேந்திராவின் பொன்னாடையும்

கீழே வருவதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. நம்பாதவர்கள் டெனிஷ் நாட்டுப் புரொண்பியில் எந்தத் தமிழ் வீட்டிலும் கற்பூரம் கொளுத்தி வைக்கலாம். அடித்து அணைத்துச் சத்தியம் செய்யலாம். வேதக்கார வீடென்றால் பைபிளில் கை வைத்துச் சொல்லலாம். இரண்டும் இல்லாத வீடென்றால் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம். எங்கே சொன்னாலும் இதேதான்.

1988ஆம் ஆண்டு, புரட்டாதி மாதம். இஷொயில், ஆறாம் மாடியில், இரண்டறை வீடொன்றில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கனகசபை, நாற்பத்தைந்து வயது, சுன்னாகத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். மற்றவன் பாலேந்திரா, முப்பத்திரண்டு வயது, அந்தச் சங்கக்கடைக்கு முன்னால் சைக்கிள் திருத்தியவன். இருவருக்கும் அகதி என்று வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. மனிசியைக் கூப்பிட இருவரும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள். கனகசபையின் மனிசி யோகம்மா, பாலேந்திராவின் மனிசி தங்கமலர். பதினாறு மாதமாகியும் மனிசிமார் இரண்டு பேரும் ஊரில்தான்.

கேட்டு எழுதினால் ஒரே பதில்: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. கனகசபை அந்தக் கடிதங்களைக் கோவையாகக் கட்டி வைத்திருந்தார். ஏழு கடிதம், ஏழிலும் ஒரே வசனம். ஏழாவதில் மட்டும் ஒரு கமா கூட இருந்தது. அந்தக் கமாவை நம்பி மனிசன் இரண்டு கிழமை சிரித்த முகமாகத் திரிந்தார். தமிழரின் கோப்புகளைத் தொடவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தது அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிறகு அது வெளியே வந்து ஒரு அரசாங்கமே விழுந்தது.

பாலேந்திராவுக்குப் பக்கத்து ஊர் ஐஸ் ஹொக்கி அரங்கில் கூட்டித் துடைக்கிற வேலை. ஞாயிறு பின்னேரம் ஆட்டம் நடக்கும். முடியும்வரை அவன் சுவரோடு நிற்பான். காற்சட்டைக்குள் இரண்டு சாரம் கட்டியிருப்பான். அங்கே அப்படியொரு குளிர். ஒருநாள் நடுவர் விசில் ஊதினார், சத்தம் உள்ளேயே உறைந்துவிட்டது. இடைவேளைக்கு அவர் கோப்பி குடிக்கும்போதுதான் அது இளகி வெளியே வந்தது. நூறு பேர் கேட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. பாலேந்திரா மறந்துவிட்டு வந்த கையுறையைக் கொடுக்கக் கனகசபை அரங்குக்கு வந்தார். வந்தவர் மூன்றாம் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒரு டெனிஷ்காரர், மடியில் தோல் பையோடு இருந்தார். பெயர் ஹென்னிங். எந்த ஆட்டத்தையும் தவறவிடாத ஆள்.

"தம்பி, இந்த ஆளை நான் கந்தோரிலை கண்டனான்."

"எந்தக் கந்தோர்?"

"எங்கட கோப்பு இருக்கிற கந்தோரடா. உள்பக்கக் கதவாலை வந்தவர். கை நிறையக் கோப்பு. அவர் வர, மற்றவை எழும்பிக் கதவைத் திறந்து விடுகினம்."

"அப்ப பெரிய ஆளோ அண்ணை?"

"கதவைத் திறந்து விடுகினம் எண்டுறன். பிறகும் கேக்கிறாய்!"

சங்கக்கடையில் இருபது வருசம் இருந்த மனிசனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் ஒரு காரியம் நடக்கவேண்டுமென்றால் மனுக் கொடுப்பது இரண்டாவது வேலை. ஆளைப் பிடிப்பதுதான் முதல் வேலை. ஆளைப் பிடிப்பதென்றால் ஆளுக்கு எதில் பைத்தியம் என்று பார்க்கவேண்டும். ஊரில் கிளாக்கர்மாருக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்றால் உயிர். இந்த ஆளுக்கு ஐஸ் ஹொக்கி.

திட்டம் அன்றே தயார். பாலேந்திரா விளையாட்டின் விதியெல்லாம் பாடமாக்கவேண்டும். கனகசபை ஞாயிறு தோறும் மீன் கட்லட் பொரித்துக் கொடுத்துவிடுவார். "மூண்டு மாசத்துக்குக் காரியத்தைக் கதைக்காதை. விளையாட்டைக் கதை. நாலாம் மாசம் வாயைத் திற." பிறகு இரண்டு கடதாசித் துண்டில் தன் வடிவான எழுத்தில் இரண்டு பேரின் பெயரையும் கோப்பு இலக்கத்தையும் எழுதி, பாலேந்திராவின் சட்டைப் பைக்குள் தானே வைத்தார்.

முதல் கட்லட்டோடு ஹென்னிங் விழுந்துவிட்டார். பாலேந்திரா அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டான். பார்க்கப் பார்க்க அவனுக்கும் விளையாட்டுப் பிடித்தது. குற்றம் செய்தவனை இரண்டு நிமிசம் ஒரு பெட்டிக்குள் இருத்துவார்கள். எப்போது வெளியே வரலாம் என்று மேலே மணிக்கூட்டில் எழுதியிருக்கும். அந்த விதி அவனுக்கு நல்ல விருப்பம்.

மூன்றாம் வரிசையில் ஆட்டத்தைவிட விதியைப் பற்றிய சண்டைதான் கூட. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒரு அணிக்கு இரண்டு பேர்தான் என்பதை மூன்றாக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை அடிபட்டது.

"மூண்டெண்டால் எங்கட பெடியள் எங்கை விளையாடுறது?" என்றார் பின்னால் இருந்த கிழவர்.

"எங்கட பெடியள் விளையாடித்தானே நாலு வருசமாத் தோக்கிறம்," என்றார் ஹென்னிங். பிறகு பாலேந்திராவின் பக்கம் திரும்பினார். "இதைக் கேளும். நல்லதொரு ஆட்டக்காரன், ஒப்பந்தம் முடிஞ்சுது. இங்கை வர ஆசைப்படுறான். பழைய கழகம் விடுதலைக் கடிதம் குடுக்காதாம். ஏன் எண்டும் சொல்லாதாம். மனிசன் வீட்டிலை சும்மா இருக்கிறான். இது என்ன நியாயம்?"

தங்கமலரும் அப்படித்தான் இருக்கிறாள் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. மார்கழி மாதம், நாலாம் மாதம் இன்னும் பிறக்கவில்லை. பாலேந்திரா அதை விழுங்கினான்.

"உங்கட ஊரிலை ஐஸ் ஹொக்கி இருக்கோ?" என்று கேட்டார் கிழவர்.

இல்லை என்று சொல்லத்தான் பாலேந்திரா வாயைத் திறந்தான். "ஓம்," என்றான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மீனுக்கு ஐஸ் செய்கிற கொம்பனி விடிய நாலு மணிக்குக் கட்டிகளைக் கடற்கரை வெளியில் அடுக்கிக் கொடுக்கும் என்றான். காலில் தேங்காய்ப் பொச்சு மட்டை, கையில் பனை மட்டை, அடிப்பதற்குப் பனங்கொட்டை. மணிக்கூடு கிடையாது, ஐஸ் உருகினால் ஆட்டம் முடிஞ்சுது. தான் கோல் காப்பாளன். ஒருமுறை ஐஸ் தன் காலடியில் மட்டும் உருகாமல் நின்றதால் ஆட்டம் மத்தியானம் வரைக்கும் போனது.

"உருகினால் முடிவு. இதைவிடத் திறமான விதி இல்லை," என்றார் ஹென்னிங். கிழவர் அதை ஒரு தாளில் எழுதி ஐஸ் ஹொக்கிச் சங்கத்துக்கு அனுப்பினார். பாலேந்திராவுக்குக் காது சுட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் சூடாக இருந்தது அந்த இரண்டு காதும்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, முதல் வரிசையில் ஒரு பெண் நாயோடு வந்து இருந்தாள். கனடாவிலிருந்து வந்த ஆட்டக்காரனின் மனிசி என்றார் ஹென்னிங்.

"அவன் எப்ப வந்தவன்?"

"ஆவணியிலை."

"மனிசி?"

"புரட்டாதியிலை."

"நாய்?"

"நாய்க்குக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு. ஊசி போடவேணும். ஐப்பசி."

பாலேந்திரா கொஞ்ச நேரம் நாயையே பார்த்தான். பிறகு, இருபத்தொரு மாதம் என்றான். தங்கமலரைப் பற்றி முழுவதும் சொன்னான். டெனிஷ் சொல் வராத இடத்தில் கையால் சொன்னான்.

ஹென்னிங் கையில் இருந்த கட்லட்டைக் கீழே வைத்தார். அப்படி அவர் வைத்தது அதுதான் முதல்தரம்.

"நான் பெரிய ஆளில்லை," என்றார். "கோப்புக் காவுறவன். தட்டிலையிருந்து மேசைக்கு, மேசையிலையிருந்து தட்டுக்கு. இரண்டு கையிலையும் கோப்பெண்டால் ஆரும் கதவைத் திறந்துதானே விடவேணும்?"

ஐந்து மாதமாகக் கட்லட் போனது ஒரு பியோனுக்கு. பாலேந்திரா எழும்பப் பார்த்தான். ஹென்னிங் அவன் கையைப் பிடித்தார்.

"ஆனால் ஒண்டு செய்யலாம். ஒரு கோப்பை உருவி எல்லாத்துக்கும் மேலை வைக்கலாம். ஒண்டுதான். இரண்டெண்டால் பிடிபட்டுப் போவன். பேரைத் தாரும்."

சட்டைப் பைக்குள் இரண்டு துண்டு இருந்தது. பாலேந்திரா கையை விட்டான். விரலுக்கு முதலில் அகப்பட்டது கனகசபையின் துண்டு. அதை விட்டுவிட்டு மற்றதைத் தேடி எடுத்தான். தேடி எடுத்தது என்பதை எந்தக் காலத்திலும் அவனால் மாற்றிச் சொல்ல முடியாது.

வீட்டில் கனகசபை கதவடியில் நின்றார்.

"குடுத்தியோ?"

"ஓம்."

"ரெண்டையும்?"

"ஓம் அண்ணை."

கனகசபை சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார். அடுத்த ஞாயிறு ஹென்னிங்குக்கு என்று இரண்டு மடங்கு கட்லட் பொரித்து, எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். பாலேந்திரா அந்தக் கைக்கு மருந்து பூசிவிட்டான். "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன் தம்பி," என்றார் அவர். அன்று முதல் பாலேந்திராவுக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. கனகசபையின் துண்டு சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. சட்டையை இரண்டு தரம் தோய்த்தும் எழுத்து அழியவில்லை. சங்கக்கடை மை அப்படிப்பட்டது.

வசந்தம் வந்தது. தமிழரின் கோப்பைத் தொடாத விசயம் பத்திரிகையில் அடிபட்டு, உறைந்து கிடந்த கோப்புகள் இளகத் தொடங்கின. ஹென்னிங் ஒருநாள் பாலேந்திராவைத் தேடி வந்தார். முகம் சரியில்லை.

"அடியிலையிருந்து எடுக்கினம். பழசு முதல் எண்டு புது விதி. ஆட்டம் நடக்கேக்கை விதியை மாத்திப்போட்டினம். உம்மடையை நான் மேலை வைச்சிட்டன். திருப்பி வைக்கப் போனால் இப்ப அறைக்குள்ளை நாலு பேர்."

கனகசபையின் கோப்பு இருந்த இடத்திலேயே, அடியில், இருந்தது. யோகம்மா ஆனி மாதம் வந்து இறங்கினாள்.

அவளை வரவேற்க அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். அறுபது எழுபது பேர் வந்தார்கள். ஹென்னிங்கும் கழுத்துப்பட்டியோடு வந்து கட்லட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். கனகசபை தனக்குத் தெரிந்த டெனிஷில் அவருக்கு நன்றி சொன்னார். இரண்டு பேருக்கும் செய்யத்தான் ஆசை, ஆனால் ஒரு பேர்தான் கேட்க முடிந்தது என்றார் ஹென்னிங். யாருடைய பேர் என்பதையும் சொல்ல வந்தார். வாயில் கட்லட் இருந்தது. அவர் அதை விழுங்குவதற்குள் கனகசபை ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"சபையோரே! ஒரு பேர்தான் சொல்லலாம் எண்டு கேக்க, இந்தப் பெடியன் தன்ரை மனிசியை விட்டிட்டு என்ரை மனிசியின்ரை பேரைக் குடுத்திருக்கிறான். எனக்கு மூச்சும் விடேல்லை. கூடப் பிறந்தவன் செய்வானோ?"

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. யோகம்மா கோயிலுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பொன்னாடையைக் கனகசபை பாலேந்திராவின் தோளில் போர்த்தினார். அது நெருப்பாகச் சுட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

பாலேந்திரா ஒலிவாங்கியை வாங்கினான். "நான் அண்ணையின்ரை பேரைக் குடுக்கேல்லை. என்ரையைத்தான் குடுத்தனான். தேடி எடுத்துக் குடுத்தனான்." சட்டைப் பைக்குள் கிடந்த துண்டை எடுத்துக் காட்டவும் செய்தான்.

இரண்டு நிமிசம், அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அதே இரண்டு நிமிசம், சத்தமே இல்லை.

"பாருங்கோ!" என்றார் கனகசபை, தழுதழுத்த குரலில். "என்ரை பேர் எழுதின துண்டை இவ்வளவு காலமும் நெஞ்சிலை வைச்சிருக்கிறான். இப்பவும் தன்னைத் தாழ்த்திக் கதைக்கிறான்!"

முன்னதைவிடப் பெரிய கைதட்டு.

சனம் சாப்பாட்டுப் பக்கம் போனதும் யோகம்மா அவனுக்குக் கிட்ட வந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை.

"நீங்கள் சொன்னது உண்மையோ தம்பி?"

"ஓம் அக்கா."

அவள் அவன் தோளால் சரிந்த பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டாள். "அவருக்கு இனிச் சொல்லாதையுங்கோ. அந்த மனிசன் இதை நம்பித்தான் சந்தோசமா இருக்குது. சாப்பிட்டிட்டுப் போங்கோ."

பாலேந்திரா சாப்பிடவில்லை. பொன்னாடையோடேயே ரயில் ஏறினான். பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தன் தோளையே பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இஷொய் வரைக்கும் கதவுப் பக்கம் திரும்பி நின்றான். தங்கமலர் கார்த்திகையில் வந்தாள். அந்தப் பொன்னாடை என்னவென்று அவள் கேட்டாள். கோயிலில் கொடுத்தது என்றான்.

பாலேந்திரா இன்றுவரைக்கும் கலியாணம் கட்டாத ஆள். இதற்கும் அதே கற்பூரம்தான்.