ஆர்லிஸ் ஒளித்து வைத்திருந்த இடம்

பிக் சாண்டி ஊரில் யார் வீட்டுச் சாவி எந்தப் பூச்சட்டிக்கு அடியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் எந்த டாக்டரிடம் எதற்காகப் போகிறார் என்பது அவருடைய பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே சர்ச் சபையில் தெரிந்துவிடும். ஏரிக்குள் யார் எங்கே மரம் போட்டு வைத்திருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதை வாய்விட்டுக் கேட்பதே மரியாதைக்குறைவு.

குளிர்காலத்தில் சிடார் மரங்களை வெட்டி, அடியில் ஹாலோ பிளாக் கட்டி, ஆள் பார்க்காத நேரத்தில் ஏரியில் இறக்கிவிடுவார்கள். மார்ச்சில் தண்ணீர் கொஞ்சம் சூடானதும், முட்டையிடப் போகிற கிராப்பி மீன்கள் அந்தக் கிளைகளுக்குள் வந்து கூடும். ஏரி அரசாங்கத்தினுடையது. ஆனால் உள்ளே இறக்கிய மரக்குவியல், போட்டவனுடையது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம்தான். அடுத்தவன் குவியலில் தூண்டில் போட்டவன் என்று பெயர் வாங்கினால், தூண்டில் கடையில் அவனுக்குக் காப்பி ஊற்றுகிற கை கூடக் கொஞ்சம் தயங்கும்.

கார்வின் டேட் அப்படித்தான் போட்டிருந்தார். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. அதுவும் ஆர்லிஸ் மூடியின் குவியலில். ஆறாம் வகுப்பிலிருந்து கூட இருக்கிற ஆர்லிஸ், நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த நேரத்தில்.

முதல் தடவை தெரியாமல் நடந்தது. அதை மட்டும் அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம். கார்வினுக்கு எப்போதும் பாஸ் மீன்தான். கிராப்பி பிடிப்பதெல்லாம் பொறுமைசாலிகள் வேலை என்று கேலி பேசுகிறவர். மருமகன் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த, தண்ணீருக்கு அடியில் இருப்பதையெல்லாம் காட்டுகிற திரையைப் படகில் மாட்டிக்கொண்டு, பிப்ரவரிக் கடைசியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு புதர் தெரிந்தது. புதர் முழுக்க மீன். போட்டார், எடுத்தார். இரண்டாம் தடவை கொக்கி கிளையில் மாட்டி, இழுத்த இழுப்பில் ஒரு துண்டு மஞ்சள் கம்பியும் கூடவே வந்தது. டெலிபோன் கம்பி. அந்த ஏரியில் டெலிபோன் கம்பியால் மரம் கட்டுகிற ஆள் ஒருவர்தான். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கிய ஆர்லிஸ்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மீன் அப்படிக் கடித்தது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. குற்றவுணர்ச்சி உறுத்தியபோது, ஒரு பை நிறைய மீனைச் சுத்தம் பண்ணி ஆர்லிஸ் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மார்ச் கடைசிச் செவ்வாய்க்கிழமை, டாக்டர் ஒருவழியாக ஆர்லிஸ் ஏரிக்குப் போகலாம் என்றார். கார்வின் தன் படகை வண்டியில் கோத்துக்கொண்டு வந்து நின்றார். ஆர்லிஸின் மனைவி நெல்டா சாண்ட்விச் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"கார்வின், பத்து பவுண்டுக்கு மேல இவரு தூக்கக் கூடாது. பெரிய மீனா இருந்தா நீங்களே இழுத்துருங்க."

"பத்து பவுண்டுல ஒரு கிராப்பி வந்துச்சுன்னா, நான் அங்கயே செத்தாலும் பரவால்லடி" என்றார் ஆர்லிஸ்.

"வாய் மட்டும் ஆபரேஷனுக்கு அப்புறமும் அப்படியே இருக்கு."

"அதுல டாக்டர் கை வைக்கலயே."

நெல்டா சிரித்தாள். ஆனால் கார்வினைத் தனியாகப் பார்த்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. "பேரெல்லாம் மறக்குறாரு. ஞாயித்துக்கிழமை சபைல பாஸ்டர் பேரே வரல. எங்க படகை வித்துருங்கன்னு சொல்லிட்டிருக்கேன். சனிக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றாரு. இவரு இன்னும் சரின்னு சொல்லல" என்று மெல்லச் சொன்னாள்.

கரையை விட்டு, மற்றப் படகுகள் காதில் விழாத தூரம் வந்ததும் ஆர்லிஸ் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு உனக்கு ஒண்ணு காட்டப் போறேன்டா."

"என்ன, தையல் தழும்பா? அதான் ஊருக்கே காட்டிட்டியே."

"ஏழு சிடார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. நெல்டாவுக்கே தெரியாது. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி போவேன், நாலு மீன் எடுப்பேன், வந்துருவேன். மத்ததெல்லாம் வளரட்டும்னு விட்டு வச்சிருக்கேன்." ஆர்லிஸ் குரலைத் தாழ்த்தினார், ஏரியின் நடுவில் யார் கேட்கப் போகிறார்களோ. "மயக்க ஊசி போடறப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? கர்த்தரை நெனைக்கல, நெல்டாவை நெனைக்கல. இந்த இடம் என்னோடயே போயிருமேன்னு நெனச்சேன். சபைல சொல்லித் தொலைச்சிடாத."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கார்வினுக்குத் தோன்றியது. சொல்ல வாயையும் திறந்தார். ஆனால் ஆர்லிஸ் அறுவைக்குப் பிறகு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, கரையோர மரங்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். கார்வின் வாயை மூடிக்கொண்டு, திரையின் மேல் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

"ஏன், உன் டிவி வேலை செய்யலயா?"

"வயர் ஏதோ போச்சு."

"நல்லதாப் போச்சு. மீனுக்கு ஒரு மறைவு வேணாமா?"

ஆர்லிஸுக்குத் திரை வேண்டியதில்லை. இடிந்த தானியக் கோபுரம், பட்டுப்போன மரம் ஒன்றுக்கு நேர் பின்னால் வர வேண்டும். அதே சமயம் வலப்பக்கம் பழைய பம்ப் கொட்டகையின் கதவு தெரிய வேண்டும். இரண்டும் கூடுகிற இடம்தான் அது. கார்வினின் கை தானாகவே வேகத்தைக் குறைக்கப் போனது. சுதாரித்துக்கொண்டு, வேண்டுமென்றே நாற்பதடி தாண்டிப் போனார்.

"நிறுத்துடா! எங்க போற? பின்னாடி வா, பின்னாடி வா. பாஸ்காரனுக்கு எதுலயும் அவசரம்."

நிறுத்தினார்கள். கரையில் ரெட்பட் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்திருந்தன. காற்று இல்லை, தண்ணீர் இளம் பச்சையாகக் கலங்கியிருந்தது. இதைவிட நல்ல காலை கிடைக்காது. ஆர்லிஸ் நீளக் கம்பை நீட்டி, கொக்கியைப் பன்னிரண்டு அடி ஆழத்துக்கு இறக்கி, அசையாமல் பிடித்தார்.

ஒன்றும் இல்லை.

கொக்கியை மாற்றினார். உயிருள்ள சின்ன மீனைக் குத்திப் போட்டார். ஒரு மணி நேரம் போனது. கார்வின் தன் தூண்டிலைக் குவியலுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. அந்த இடத்துப் பெரிய மீன்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். பாதி அவர் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது.

திடீரென்று ஆர்லிஸின் கம்பு வளைந்தது. முகம் பூவாக மலர்ந்தது. "பாத்தியா! பாத்தியா! சொன்னேன்ல!" கார்வின் வலையை எடுத்துக்கொண்டு குனிந்தார். மேலே வந்தது நாலு பவுண்டு பாஸ். வேறு எந்த நாளாக இருந்தாலும் கார்வின் அதைக் கட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்திருப்பார். ஆர்லிஸ் அதன் தாடையைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, அப்படியே தண்ணீரில் விட்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் எதுவும் தொடக்கூட இல்லை. ஆர்லிஸ் கோபுரத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், மறுபடி கோபுரத்தைப் பார்த்தார்.

"இதுதானா பழைய பம்ப் கொட்டகை?"

"இதான்டா."

"இல்ல. நான் வேற எதையோ நெனச்சு வச்சிருக்கேன்." கம்பை மெதுவாக மடியில் வைத்தார். "நெல்டா சொன்னது சரிதான். நெஞ்சைத் தெறந்தப்ப தலையிலருந்தும் எதையோ எடுத்துட்டாங்க. அஞ்சு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு வந்த இடம். அதையே தொலைச்சுட்டேன்னா வேற என்ன மிச்சம் இருக்கு எங்கிட்ட?" கொக்கியிலிருந்த சின்ன மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். "சனிக்கிழமை வர்ற ஆளுகிட்ட படகைக் குடுத்துரலாம். என்னைக் கரைல விட்டுரு கார்வின். உன் காலையையும் கெடுத்துட்டேன்."

பேசாமல் மோட்டாரை முடுக்கியிருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நண்பன் நண்பனாகவே இருந்திருப்பான், தன் மூளை மழுங்கிவிட்டது என்ற நினைப்போடு. கார்வின் அதையும் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். அதற்காகப் பிற்பாடு தன்மேலேயே அருவருப்புப் பட்டார்.

தொப்பியை எடுத்துத் திரையைப் போட்டார். படகுக்கு நேர் கீழே ஏழு சிடாரும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் மேல், கார்வின் பிப்ரவரியில் குறித்து வைத்த அடையாளமும் தெரிந்தது.

"நீ ஒண்ணையும் தொலைக்கல. சரியாத்தான் வந்திருக்க, ஒரு அடி கூடத் தப்பல. மீனையெல்லாம் நான் எடுத்துட்டேன்டா. நீ படுத்திருந்தப்ப. ஆறு வாட்டி வந்தேன். உன்னோடதுன்னு தெரிஞ்ச பிறகும் வந்தேன்."

ஆர்லிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. கார்வினுக்கு டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"எத்தனை?"

"நூறு இருக்கும்."

"பெருசு?"

"பதினஞ்சரை அங்குலம் ஒண்ணு."

"அப்போ இருந்துச்சு."

"இருந்துச்சுடா. நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

"எனக்குச் சாப்பிடக் கொண்டாந்தியே, அது?"

"அதுவும் இங்கருந்துதான்."

"பாலத்துக்கு அடியில ஏதோ அதிர்ஷ்டத்துல மாட்டுச்சுன்னு சொன்ன. அதுக்கு நெல்டா உனக்கு ஒரு ஆப்பிள் பை வேற சுட்டுக் குடுத்தா." ஆர்லிஸ் சிரிக்கப் போகிறார் என்று கார்வின் நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. "உனக்குக் குடுக்கத்தான்டா இன்னைக்கு வந்தேன். ஒரு மாசம் பொறுத்திருந்தா இது நான் குடுத்ததா இருந்திருக்கும். இப்போ நீ எடுத்ததா ஆயிருச்சு. எப்படி மாத்துறது இதை?"

மன்னித்துவிடு என்றார் கார்வின். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"மன்னிக்கிறதெல்லாம் பெறவு பாக்கலாம். இன்னைக்கு இல்ல" என்றார் ஆர்லிஸ். சாண்ட்விச்சை எடுத்துப் பிரித்தார், கடிக்காமல் மறுபடி மடித்தார். படகு லேசாகத் திரும்பியது. "சனிக்கிழமை வர்ற ஆளை வர வேணாம்னு சொல்லணும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"நானே போன் பண்றேன்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்." ஆர்லிஸ் முன்பலகையில் கார்வினுக்கு நேர் எதிரே திரும்பி உட்கார்ந்தார். நெஞ்சில் தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. "இங்கருந்து முதல் மீன் மேல வர்றப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும். அதுக்குத்தான் அஞ்சு வருஷம் வச்சிருந்தேன். கிராப்பியெல்லாம் ஒரு மீனாடான்னு கேப்பியே, அந்த மூஞ்சி."

கார்வின் தலை குனிந்துகொண்டார்.

"நிமிருடா. சொல்லு. முதல் நாள், முதல் மீன். எந்தக் கொக்கி, எவ்வளவு ஆழம், எப்படித் தட்டுச்சு, எல்லாம் சொல்லு. ஒண்ணு விடாதே."

கார்வின் சொல்லத் தொடங்கினார். வெள்ளைக் கொக்கி, பதினோரு அடி, விரலால் கம்பைச் சுண்டின மாதிரி ஒரே ஒரு தட்டு என்று சொன்னார். தூக்கினபோது கனத்தது, பாஸ் என்றுதான் நினைத்தேன், தண்ணீருக்குள் வெள்ளையாக அகலமாக ஒரு பக்கம் புரண்டது என்று சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் காலை அவரை இழுத்துக்கொண்டு போனது. தன்னை மறந்து இரண்டு கையையும் விரித்து அதன் அளவைக் காட்டினார், கண் பெரிதானது, வெட்கங்கெட்டு வாய் சிரிக்கவும் செய்தது. ஆர்லிஸ் தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. இமைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.